பருந்து கொண்டுபோன துணி

சித்தூரில் நாங்கள் குடியிருந்த மாடி வீட்டுக்கு எதிரே முனிசிபாலிட்டி பார்க் இருந்தது. வாசலில் தெலுங்கில் அப்படி எழுதி வைத்திருந்ததால்தான் அது பார்க். உள்ளே ஒரு தண்ணீர் டேங்க், துருப்பிடித்த சறுக்குமரம், சில சிமெண்ட் பெஞ்சுகள், எல்லாவற்றையும்விட உயரமாக ஒரு தைலமரம். பொங்கல் முடிந்த கையோடு அந்தத் தைலமரத்தின் கவட்டில் ஒரு ஜோடிப் பருந்து கூடு கட்ட ஆரம்பித்தது. எங்கள் மொட்டைமாடியில் நின்றால் கூடு கண்ணுக்கு நேராக, கொஞ்சம் தாழ்வாகத் தெரியும். நடுவில் ஒரு தெரு மட்டும்தான்.

எனக்கு அப்போது கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. வீட்டுக்காரர் மாம்பழக்கூழ் தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியன். காலையில் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். சத்தியவேடு பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த எனக்கு அந்த ஊரில் தெரிந்த முகம், கீழே குடியிருந்த வீட்டுக்கார அம்மாள் ஒருத்திதான். தெலுங்குக்காரி. தமிழும் நன்றாகப் பேசுவாள், ஆரம்பித்தால் நிறுத்தத்தான் தெரியாது. அவளிடம் மாட்டிக்கொள்வதைவிடப் பருந்தைப் பார்ப்பது மேல் என்று, துணி காயவைக்கும் சாக்கில் மாடியிலேயே கிடப்பேன்.

பருந்துகளுக்கு அங்கே ஒரு குறையும் இல்லை. எங்கள் ஊரில் விருந்தாளி வந்தால்தான் கோழி அடிப்பார்கள். சித்தூரில் அந்தச் சில வருடங்களில் தெருவுக்கு ஒரு பிராய்லர் கடை முளைத்திருந்தது. குடலையும் தோலையும் கடைக்குப் பின்னாலிருந்த சாக்கடையில் கொட்டுவார்கள். ஒரு பருந்து அங்கிருந்து தூக்கிக்கொண்டு வரும், மற்றது கூட்டை விட்டு நகராது. நகராததைப் பெண் என்று நானே முடிவு செய்துகொண்டேன். கூட்டில் குச்சி மட்டும் இல்லை. கந்தல், சாக்குநார், பிளாஸ்டிக் பை, கேபிள் டி.வி.காரர்கள் வெட்டிப்போட்ட கறுப்பு ஒயர் என்று ஊரில் புதிதாக வந்தவை எல்லாவற்றிலும் ஒரு துண்டு இருந்தது.

அது முட்டை மேல் உட்கார்ந்திருந்த சமயத்தில்தான் அக்கா வந்தாள். இடுப்பில் ஒன்பது மாதப் பெண் குழந்தை, தோளில் ஒரு ரெக்ஸின் பை. அவள் புருஷன் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவர். அங்கே வேறு குடும்பம் வைத்துவிட்டார் என்று கேள்வி. அக்கா அழுது முடித்துவிட்டு, திருப்பதியில் ஒரு ஏஜெண்டைப் பிடித்து, குவைத்தில் வீட்டு வேலைக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தாள். சித்திரைக் கடைசியில் டிக்கெட். அதற்குள் குழந்தை தாய்ப்பாலை மறக்க வேண்டும், புட்டிப்பாலுக்குப் பழக வேண்டும், என்னிடம் ஒட்டிக்கொள்ள வேண்டும். அக்கா போவதும் போகாததும் அந்தக் குழந்தையின் வாயில் இருந்தது. குழந்தையைத் தூக்கவே தெரியாத என்னை நம்பித்தான் அவள் வந்திருந்தாள்.

பால் மறக்கடிக்க எங்கள் பக்கத்தில் எல்லாரும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். வேப்பிலையை மைய அரைத்து மார்பில் தடவிக்கொண்டு குழந்தையைப் போட்டுக்கொண்டாள். அது ஆசையாக வாயை வைத்தது, முகம் கோணியது. வாயை எடுத்துவிட்டு அக்காவை நிமிர்ந்து பார்த்தது. அழுதிருந்தால்கூடத் தேவலை. மறுபடியும் வாயை வைத்தது, மறுபடியும் நிமிர்ந்து பார்த்தது. அப்புறம்தான் அழுதது.

"பாக்காதடி. நீ பாத்தா எனக்கு அழுக வருது" என்றாள் அக்கா.

நான் மாடிக்குப் போய்விட்டேன்.

பங்குனி வெயில் ஏறும்போது கூட்டில் குஞ்சுகள் தெரிந்தன. மூன்று. வெள்ளைப் பஞ்சு போல் இருந்தன, கண்கள் மட்டும் கறுப்பாக. தாய் இறைச்சியைக் கிழித்துக் கிழித்து ஊட்டும். பார்க்க அழகாக இருந்தது என்று சொல்ல முடியாது. பெரிய குஞ்சு முதலில் வாங்கும், அடுத்தது இரண்டாவது, கடைக்குட்டி வாயைத் திறந்தால் பெரியது அதன் தலையில் கொத்தும். தாய் விலக்கிவிடும் என்று காத்திருந்தேன். அது பார்த்துக்கொண்டே இருந்தது. எனக்கு வந்த கோபத்தில் ஒரு கல்லை எடுத்து எறிந்திருப்பேன், எட்டியிருந்தால்.

ஒரு காலையில் கூட்டில் இரண்டுதான் இருந்தன. தாய் எதையோ காலில் மிதித்துக் கிழித்து ஊட்டிக்கொண்டிருந்தது. கிழித்ததில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருந்தது.

பிறகு மாடிக்கு வந்த அக்கா, "மூணு இருந்துச்சே, இன்னோண்ணு எங்கடி?" என்று கேட்டாள்.

"கீழ வுழுந்துடுச்சி போலக்கா" என்றேன். குழந்தை அவள் இடுப்பில் இருந்தது. அதை வைத்துக்கொண்டு உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

குஞ்சுகள் பெரிதாகப் பெரிதாகப் பருந்துகள் மனிதர்களை அண்டவிடவில்லை. பார்க்கில் நடந்தவர் ஒருவரின் பின்மண்டையில் அடித்து ரத்தம் வந்துவிட்டது. சறுக்குமரத்துக்கு வரும் பிள்ளைகள் நின்றுபோனார்கள். கடைசியில் வாட்ச்மேன் கேட்டைப் பூட்டிவிட்டு வெளியே டீக்கடையில் உட்கார்ந்துகொண்டான். பூட்டிய பார்க்கும், மேலே வட்டமிடும் இரண்டு பருந்துகளும், கீழே ஆளில்லாத பெஞ்சுகளுமாக, எனக்கு மட்டும் ஏதோ சரியில்லை என்று பட்டது. காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது.

அந்த நாட்களில்தான் துணி போனது. அக்கா தன் பழைய மஞ்சள் வாயில் புடவையைக் கிழித்துக் குழந்தைக்குத் துணி வைத்திருந்தாள். நல்ல பகல் வெளிச்சத்தில், நாங்கள் இருவரும் கொடியில் துணி போட்டுக்கொண்டிருக்கும்போதே, பருந்து தலைக்கு மேல் சர்ரென்று இறங்கி ஒரு துண்டை உருவிக்கொண்டு போயிற்று. கூட்டில் அதைப் போட்டு, அலகால் இழுத்துச் சொருகி, அதன் மேல் குஞ்சுகளை உட்கார வைத்தது. எங்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"அது வூட்லயும் கைக்கொழந்த கீதில்ல, போவட்டும்" என்று அக்கா சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

அவள் வந்த நாளிலிருந்து அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. சத்தம் கேட்டு வீட்டுக்கார அம்மாள் மேலே வந்தாள். விஷயத்தைச் சொன்னோம். அவள் முகம் செத்துப்போயிற்று.

கைக்குழந்தையின் துணியைப் பறவை அடையும் நேரத்தில் வெளியே விடக் கூடாது என்பது எங்களுக்கும் தெரியும். பட்சி தோஷம் என்பார்கள். பறவையின் நிழல் பட்டாலே குழந்தை இளைக்கும் என்பார்கள். அதனால் எல்லா வீட்டிலும் வெளிச்சம் இருக்கும்போதே துணியை எடுத்துவிடுவோம். ஆனால் இந்த அம்மாள் கண்டது அதையெல்லாம் தாண்டிய ஒன்று.

"ஏந்தம்மா நவ்வுதுன்னாரு? இன்னாத்துக்கு சிரிக்கிறீங்கோ? நெழல் பட்டாலே ஆவாது. இது துணியே எடுத்துக்கினு போயி குஞ்சுக்குப் படுக்க போட்டுகிச்சி" என்றாள். "பிட்ட வாசன, கொழந்த வாசன, அந்தத் துணில கீது. அங்க கத்தக் குஞ்சு வளர வளர, இங்க இது தேயும். நா சொல்லிட்டேன்."

கத்த என்றால் தெலுங்கில் பருந்து. அவள் இறங்கிப் போனதும் நான் அவளைப் போலவே இடுப்பில் கை வைத்துப் பேசிக்காட்டினேன். அக்கா சிரிக்கவில்லை.

அதற்கு அடுத்த வாரம் குழந்தைக்குப் பேதி ஆரம்பித்தது.

வெயில் அப்படி. தண்ணீர் வாரத்தில் சில நாட்கள்தான் வரும், அதுவும் கலங்கலாக. புட்டியை எப்படிக் கழுவ வேண்டும், கொதிக்க வைக்க வேண்டும் என்று எனக்கும் தெரியாது, எங்கள் ஊரில் புட்டியையே பார்த்திராத அக்காவுக்கும் தெரியாது. இப்போது சொல்கிறேன், அப்போது இதெல்லாம் யார் மூளையிலும் ஏறவில்லை. வீட்டுக்கார அம்மாள் குழந்தையின் கையில் வசம்பு கட்டினாள், கறுப்புக் கயிறு கட்டினாள். "நீள்ளு வத்து, தண்ணி வேணாம். தண்ணி குடுத்தா தண்ணியாத்தான் போவும். பாலும் வத்து. வயிறு காயட்டும்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அதில் எங்களுக்கும் சந்தேகம் இல்லை. எங்கள் வீட்டிலும் பேதி என்றால் முதலில் தண்ணீரைத்தான் நிறுத்துவார்கள்.

குழந்தை புட்டியைப் பார்த்துக் கையை நீட்டும். அக்கா புட்டியை முந்தானைக்குள் மறைத்துக்கொள்வாள்.

"டாக்டர்கிட்ட காமி" என்றார் என் வீட்டுக்காரர். தெருமுனை மருந்துக்கடையில் கேட்டு ஒரு பாட்டில் மருந்து வாங்கிவந்து வைத்துவிட்டு வேலைக்குப் போனார். சீசன் நெருங்கியதால் தொழிற்சாலையில் மெஷின்களைச் சரிபார்க்கும் வேலை, லீவு கிடையாது.

எதிரே குஞ்சுகளுக்குப் பஞ்சு உதிர்ந்து பழுப்பு இறகு வந்துவிட்டது. கூட்டின் விளிம்பில் நின்று இறக்கையை விரித்து அடித்துப் பார்க்கும். இங்கே குழந்தையின் கண் உள்ளே போய்க்கொண்டிருந்தது, உச்சிக்குழி பள்ளமாகிவிட்டது. அந்த அம்மாள் சொன்னதை நான் நம்பவில்லை என்றுதான் சொல்லிக்கொண்டேன். ஆனால் காலையில் எழுந்ததும் என் கால் குழந்தையிடம் போகாமல் மாடிக்குப் போயிற்று. முதலில் கூட்டைப் பார்ப்பேன். குஞ்சுகள் கொழுகொழுவென்று நின்றிருக்கும், மஞ்சள் துணியின் ஓரம் காற்றில் ஆடும். அப்புறம் இறங்கி வந்து குழந்தையைப் பார்ப்பேன். அந்தப் பறவைகளை நான் வெறுக்க ஆரம்பித்துவிட்டேன்.

டிக்கெட்டுக்கு ஒரு வாரம்கூட இல்லாதபோது அக்கா யாரிடமும் சொல்லாமல் போய், அந்தத் துணியை எடுத்துத்தரக் கேபிள் டி.வி. ஆளைக் கூட்டிவந்தாள். மரத்துக்கு மரம் ஏறி ஒயர் கட்டுகிறவன். கையில் நீளமான இரும்புக் கொக்கி. பருந்து மண்டையைப் பிளக்கும் என்று அவன் பயந்ததால், என் வீட்டுக்காரரின் ஹெல்மெட்டை எடுத்துக் கொடுத்தாள் அக்கா. வேறு நாளாக இருந்தால் ஹெல்மெட்டோடு மரம் ஏறுகிறவனைப் பார்த்து நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிட்டான். நான் குழந்தையோடு மாடியில் நின்றேன்.

அவன் பாதி ஏறும்போதே பருந்துகள் வந்துவிட்டன. மாறிமாறி இறங்கி ஹெல்மெட்டில் அடித்தன. அவன் ஒரு கையால் மரத்தைக் கட்டிக்கொண்டு கொக்கியைத் துணியில் மாட்டி இழுத்தான். துணி வரவில்லை. அந்தப் பறவை அதைக் குச்சியோடு குச்சியாகப் பின்னி வைத்திருந்தது. பலம் கொண்ட மட்டும் இழுத்தான். கூடு மொத்தமாகச் சாய்ந்து கீழே விழுந்தது. ஒரு குஞ்சு நேராகச் சிமெண்ட் பெஞ்சில் விழுந்தது, அந்தச் சத்தம் மாடிவரைக்கும் கேட்டது. இன்னொன்று இறக்கையை விரித்துத் தட்டுத்தடுமாறி டேங்க் ஏணியில் போய் ஒட்டிக்கொண்டது. மரத்தடியில் நின்ற அக்கா குஞ்சைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குச்சிகளைக் கலைத்து, துணியை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

எச்சமும் அழுகல் நாற்றமுமாக இருந்த அந்தத் துணியை வீட்டுக்கார அம்மாள் மஞ்சள் தண்ணீரில் அலசிப் பிழிந்தாள். குழந்தையின் மேல் போர்த்தினாள். சூடம் காட்டினாள். அதுவரை சிணுங்கிக்கொண்டே இருந்த குழந்தை அடங்கிவிட்டது. அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்து இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டாள்.

"பாத்தியா, அழுக நின்னுபோச்சி. நல்லாயிடுச்சிடி" என்றாள்.

நான் கிட்டே போய்க் குழந்தையின் வாயைத் தொட்டேன். காய்ந்த காகிதம் போல் இருந்தது. கண் பாதி திறந்திருந்தது, அது எங்களைப் பார்க்கவில்லை. காலையிலிருந்து ஒரு துணிகூட நனையவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அக்கா, அது நல்லாவல. அதுக்கு அழ முடில" என்றேன்.

துணியை உதறிவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினேன். செருப்பு போட்டேனா என்று நினைவில்லை. அக்கா பின்னால் கத்திக்கொண்டே வந்தாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்த டாக்டர் குழந்தையின் வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டார். கிள்ளின இடம் அப்படியே நின்றது. ஊசி ஏற்ற நரம்பு கிடைக்கவில்லை. உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை ஒரு டம்ளரில் கொடுத்து, திருப்பதி பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே போகச் சொன்னார்.

"வழியெல்லாம் ஸ்பூன்ல குடுத்துக்கினே போங்க. நிறுத்தக் கூடாது."

"தண்ணியா சார்?" என்று அக்கா கேட்டாள்.

"தண்ணிதாம்மா. தண்ணி இல்லாமத்தான் சாவுது."

பஸ்ஸில் அக்கா மடியில் குழந்தை, என் கையில் டம்ளர். முதல் ஸ்பூன் கடைவாயில் வழிந்தது, இரண்டாவதும் வழிந்தது. புத்தலப்பட்டில் பஸ் நின்றபோது நான் கத்திய கத்தில் டிரைவர் ஆள் ஏற்றாமல் எடுத்தார். அதற்கு அப்புறம் ஒரு வாய் தொண்டைக்குள் இறங்கியதைப் பார்த்தேன். சந்திரகிரிக் கோட்டை கண்ணில் படும்போது குழந்தை ஸ்பூனைக் கவ்விக்கொண்டது. விடவே இல்லை. அக்கா ஜன்னல் கம்பியில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். அவ்வளவு தாகத்தோடு இருந்த குழந்தைக்கு முன்னால்தான் நாங்கள் புட்டியை ஒளித்து வைத்திருந்தோம்.

குழந்தை பிழைத்தது. ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் பாட்டில் ஏற்றியதில், மறுநாளே கண் திறந்து அம்மாவைத் தேடியது. அங்கே இருந்த டாக்டரம்மா அக்காவிடம், "புட்டி வேணாம். உனக்குப் பால் இருக்கா? தாய்ப்பால் குடு, அதுதான் மருந்து" என்றார்.

பால் இருந்தது. மார்பில் கட்டி வைத்திருந்த துணி நனைந்துதான் இருந்தது. அக்கா குழாயடிக்குப் போய், சோப்புப் போட்டு மார்பைக் கழுவிக்கொண்டு வந்தாள். கட்டிலில் உட்கார்ந்து, எத்தனையோ நாட்களுக்குப் பிறகு, குழந்தையை மார்போடு சேர்த்துக்கொண்டாள். குழந்தை கிட்டே வரைக்கும் வந்தது. அவள் முகத்தைப் பார்த்தது. பிறகு உதட்டை இறுக மூடிக்கொண்டு தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டது. அவள் மறுபடி திருப்பினாள். அது மறுபடி மூடிக்கொண்டது. பக்கத்துக் கட்டில் பெண்கள் வேறு பக்கம் பார்த்தார்கள்.

ரொம்ப நேரம் கழித்து அக்கா ரவிக்கையைப் பூட்டிக்கொண்டாள்.

"அது என்ன மறந்துடுச்சிடி. இனி நான் போலாம்" என்றாள்.

"மறக்கலக்கா. கசக்கும்னு பயப்படுது. ரெண்டு நாள் பாரு, குடிக்கும். போவாதக்கா."

"ரெண்டு நாள்ல டிக்கெட்டு. உட்டா ஏஜெண்டு இன்னொரு தபா கூப்புட மாட்டான். இங்க இருந்தா நான் அதுக்கு துன்ன இன்னா குடுப்பேன், சொல்லு?"

திட்டினேன், காலைப் பிடித்தேன். அவள் ஆஸ்பத்திரியிலிருந்தே, கட்டின புடவையோடு, ஏஜெண்டின் வேனில் மெட்ராஸுக்குப் போனாள். போகும்போது குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. எழுப்பட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று கையை ஆட்டினாள்.

குழந்தையோடு சித்தூருக்குத் திரும்பினேன். வீட்டுக்கார அம்மாள் வாசலிலேயே ஆரத்தி எடுத்தாள், துணி வந்ததால்தான் பிள்ளை பிழைத்தது என்று தெருவுக்கே சொன்னாள். சண்டை போடத் தெம்பில்லை. மாடியில் போய்ப் பார்த்தேன். பெஞ்சில் விழுந்த குஞ்சை நாயோ பூனையோ இழுத்துப் போயிருந்தது. டேங்க் ஏணியில் மற்றது உட்கார்ந்திருந்தது. இரண்டு பருந்தும் மாறிமாறி அதற்கு இரை கொண்டுவந்து கொடுத்தன. ஒருநாள் அது ஏணியை விட்டு எழும்பி, பிராய்லர் கடைப் பக்கம் பறந்துபோயிற்று.

குழந்தை பகலில் என்னிடம் விளையாடும், சிரிக்கும், சாதத்தைப் பிசைந்து கொடுத்தால் சாப்பிடும். மத்தியானம் தூங்க வைக்கும்போதுதான் ஆரம்பிக்கும். என் ரவிக்கையைக் கையால் துழாவும். துணியோடு சேர்த்து வாயில் கவ்விக்கொண்டு உறிஞ்சும். ஒன்றும் வராது. நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்கும். திரும்பவும் கவ்வும்.

ஒரு வெள்ளிக்கிழமை எஸ்.டி.டி. பூத்திலிருந்து ஆள் வந்து கூப்பிட்டான். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன். அக்காவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் கேட்டது. வீடு பெரிசு, வேலை ஜாஸ்தி, சோறு போடுகிறார்கள் என்றாள். பிறகு, "அந்தப் பருந்துக் குஞ்சு ஒண்ணு பொழச்சி ஏணில கீதுன்னியே, இன்னா ஆச்சி?" என்று கேட்டாள்.

"பறந்துடுச்சிக்கா."

"பாப்பா என்னத் தேடுதாடி?"

குழந்தை என் ரவிக்கைத் தோளைக் கவ்வி உறிஞ்சிக்கொண்டிருந்தது. எச்சிலில் முதுகுவரைக்கும் நனைந்துவிட்டது.

"இல்லக்கா" என்றேன். "மறந்துடுச்சி."

லைன் போய்விட்டதோ என்று ஹலோ ஹலோ என்று கத்தினேன்.

"சரிடி. அதான் நல்லது" என்றாள் அக்கா.